கொஞ்சம் ஓடின எஞ்சின் வாங்கப் போகும் தம்பிமாருக்கு

அறுகம்பேயில் புதிதாக வள்ளம் இறக்கப் போகிறவர்கள் என்னிடம் வந்து கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "மாமா, கல்முனையில ஒரு எஞ்சின் இருக்காம். கொஞ்சம்தான் ஓடினதாம். எடுக்கலாமா?" எடுக்கலாம். புது எஞ்சின் விலை நமக்கு எட்டாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் காசை எண்ணுவதற்கு முன் இவற்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

1. எஞ்சினைப் பார்க்குமுன் விற்கிறவரைப் பாருங்கள். "இதில் என்ன பழுது இருக்கு?" என்று நேராகக் கேளுங்கள். கடல் தண்ணீர் குடித்த எஞ்சினில் ஒரு குறையும் இல்லாமல் இராது. "தண்ணி இழுக்கிற இம்பெல்லர் தேய்ஞ்சிருக்கு, மாத்த வேணும்" என்று தானாகச் சொல்பவரிடம் உட்கார்ந்து பேசலாம். ஒன்றுமே இல்லை என்று சத்தியம் பண்ணுகிறவரிடம் தேத்தண்ணி குடித்துவிட்டு எழும்பி வாருங்கள்.

2. "கொஞ்சம் ஓடினது" என்பதற்கு அளவுகோல் இல்லை. மோட்டார் சைக்கிளில் மீட்டராவது இருக்கும். நம் கரையில் ஓடும் 15, 25 குதிரைவலு டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் எத்தனை மணித்தியாலம் ஓடியது என்று காட்ட எதுவுமே கிடையாது. இரண்டு பிளக்கையும் கழற்றிக் கம்பிரஷன் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு சிலிண்டரும் ஏறக்குறைய ஒரே அளவு காட்ட வேண்டும். பத்து வீதத்துக்கு மேல் வித்தியாசம் என்றால் உள்ளே தேய்மானம் இருக்கிறது.

உண்மையாகவே கொஞ்சம் ஓடியிருந்தாலும் அது நல்லது என்று எண்ண வேண்டாம். 2022ஐ நினைத்துப் பாருங்கள். மண்ணெண்ணெய் கிடைக்காமல் வள்ளங்கள் மணலில் கிடந்தன. அந்த ஓகஸ்டில் லீட்டர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியது. நல்ல தண்ணீர் விட்டுக் கழுவாமல் நிறுத்திய எஞ்சினுக்குள் உப்பு கட்டிப் போயிற்று, காபரேட்டரில் எண்ணெய் பிசினாய்ப் பிடித்தது. தினமும் ஓடி, தினமும் கழுவப்பட்ட பழைய எஞ்சின் அதைவிட எவ்வளவோ மேல்.

3. வருகிறோம் என்று சொல்லாமல் போங்கள். சுபஹு தொழுதுவிட்டு நேரே போய், மூடியைக் கழற்றி, சிலிண்டர் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால் யாரோ முன்கூட்டியே ஸ்டார்ட் பண்ணி வைத்திருக்கிறார். ஆறும்வரை அங்கேயே இருங்கள். குளிர்ந்த எஞ்சினைக் கயிறு இழுத்துக் கிளப்பும்போதுதான் அதன் சுகம் தெரியும்.

4. கியர் எண்ணெய். இதை நான் காசு கொடுத்துப் படித்தேன். சுனாமி அடித்த அடுத்த வருஷம், 2005இல், ஒருவர் எனக்கு ஓர் எஞ்சின் விற்றார். பளபளவென்று பெயின்ட். அந்த டிசம்பர் 26ஆம் திகதி அது கடல் தண்ணீருக்குள் கிடந்தது என்பதை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டு மாதம் ஓடியது. பாணமைக்கு நேரே வெளியே நின்றபோது எஞ்சின் இரைகிறது, வள்ளம் நகரவில்லை. வேறொரு வள்ளம் இழுத்துக்கொண்டு வந்து கரை சேர்த்தது. கீழ்ப்பெட்டியைப் பிரித்த பாஸ் ஒரு சிரட்டையில் எண்ணெயைப் பிடித்துக் காட்டினார். பால் விட்ட தேத்தண்ணி நிறம். பேரிங்கெல்லாம் துரு.

ஆகவே இரவு முழுக்க நிமிர்த்தி வைத்த எஞ்சினில் கீழ்த் திருகாணியைக் கொஞ்சம் தளர்த்துங்கள். தண்ணீர் எண்ணெயை விடப் பாரம். உள்ளே இருந்தால் அதுதான் முதலில் சொட்டும். எண்ணெய் புத்தம் புதிதாகத் தெளிந்திருந்தால், எப்போது மாற்றினீர்கள் என்று கேளுங்கள். நேற்றுத்தான் என்றால் கடலில் ஓட்டிவிட்டு வந்து திரும்பவும் திறந்து பாருங்கள்.

5. பீப்பாத் தண்ணீரில் ஓட்டிக் காட்டுவது போதாது. ஆள் ஏற்றி, கடலில், முழு வேகத்தில் ஓட வேண்டும். கியர் தேய்ந்திருந்தால் அந்தப் பாரத்தில்தான் குதித்து விடுபடும். பக்கத்துத் துவாரத்தால் தண்ணீர் விடாமல் பீறிடுகிறதா என்றும் கவனியுங்கள். கடலில் இறக்க மறுக்கிறவரிடம் விலை பேச வேண்டியதில்லை.

6. பின்பலகையில் பூட்டும் பிராக்கெட்டில் இலக்கத் தகடு இருக்கும். சுரண்டியிருந்தால், பிடுங்கியிருந்தால் வாங்காதீர்கள். களவு போன எஞ்சினுக்குப் பின்னால் இன்னொரு தொழிலாளியின் பட்டினி இருக்கிறது.

7. எழுதி வாங்குங்கள். இலக்கம், விலை, அவர் சொன்ன குறைகள், இரண்டு சாட்சி. நபி (ஸல்) அவர்கள் சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, அடியில் ஈரத்தைக் கண்டு, அதை எல்லாரும் பார்க்க மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வியாபாரியைக் கேட்ட செய்தி நமக்கெல்லாம் தெரியும். புதுப் பெயின்ட் அடித்த எஞ்சினைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் குவியல்தான் ஞாபகம் வரும். மறைந்திருந்த குறை பிறகு தெரிந்தால் பொருளைத் திருப்பிக் கொடுக்க வாங்கியவருக்கு உரிமை உண்டு என்கிறது நமது ஷாபிஈ பிக்ஹு. ஆனால் தெரிந்த உடனே போய்ச் சொல்ல வேண்டும். இன்னும் நாலு நாள் ஓடிப் பார்ப்போம் என்று இருந்தால் அந்த உரிமை போய்விடும். நாட்டுச் சட்டத்திலும் 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் இன்னும் இருக்கிறது. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடமும் முறையிடலாம். எங்கே போனாலும் கையில் கடதாசி வேண்டும்.

8. நீங்களும் ஒருநாள் விற்பீர்கள். என் 25 குதிரை எஞ்சினை இந்தச் சீசன் முடிய விற்கப் போகிறேன். பிராக்கெட்டின் இடது பக்கம் விரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பு இருக்கிறது. அதைச் சுற்றி வெள்ளைச் சோக்கால் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். வருகிறவர் மூடியைக் கழற்றுமுன் அதைப் பார்க்கட்டும்.