கண் சஸ்திர சிகிச்சையும் மரப்பு மருந்தும்

விரலில் முள் தைத்தால் நாமே ஊசி கொண்டு அகழ்ந்தெடுக்கின்றோம். கண்ணில் ஒரு தூசி விழுந்தாலோ, பிறர் கை அணுகுமுன்னரே இமை தானாக மூடிக்கொள்ளுகின்றது. இங்ஙனம் தன்னைத் தானே காத்துக்கொள்ளும் உறுப்பைத் திறந்து வைத்து, விழித்திருக்கும் மனிதனுடைய கண்ணுள் கத்தியைச் செலுத்துதல் எவ்வாறு கூடிற்று என்பதையும், சிகிச்சை பெற்றவரும் செய்த வைத்தியரும் ஒருங்கே திருப்தியடைகின்றனரா என்பதையும் ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

இவ்விஷயத்தில் என் சிந்தை செல்லுதற்குக் காரணமாயிருந்தவர் பரங்கிப்பேட்டையில் வசிக்கும் என் அம்மான். வெள்ளாறு கடலொடு கலக்கும் முகத்துவாரத்தருகே எழுபது பிராயம் வரையில் வலையோடு பழகியவர். புரை முற்றி, வலையின் கண்ணிகள் புலப்படாமற் போகவே, வலக்கண்ணுக்குச் சஸ்திர சிகிச்சை செய்துகொண்டார். (ஆஸ்பத்திரி யாதென்பது இங்கு வேண்டுவதன்று.) மறுநாள் கட்டவிழ்த்த பின்பு, தாதியொருத்தி தாளும் பேனாவுமாக வந்து, வலி இருந்ததா, அச்சம் இருந்ததா, கவனிப்பு எப்படி என்று வினவினாள். “ஒரு குறையும் இல்லை அம்மா, எல்லாம் நன்றாகவே இருந்தது” என்றார் அம்மான். நான் அருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

வீடு திரும்பிய மூன்றாம் நாள், திண்ணையில் அமர்ந்திருக்கையில் அவரே பேச்செடுத்தார். “மருமகனே, ஊசிகூடப் பெரிதில்லை. முகத்தைத் துணியால் மூடிவிட்டார்கள். அசையாதே என்றார்கள். அந்நேரம் பார்த்து எனக்குத் தொண்டையில் இருமல் வந்து நின்றது. இருமினால் கண் போய்விடுமென்று மூச்சை அடக்கிக் கிடந்தேன். சிவப்பும் நீலமுமாக ஏதேதோ வெளிச்சம் அலைந்தது. சரி, கண் போயிற்று என்றே நினைத்தேன்.”

“இதை அந்த அம்மாளிடம் சொல்லியிருக்கலாமே?”

“பார்வை கொடுத்தவர்களிடம் குறை சொல்லலாமா?”

அத்தாளிலே என் அம்மான் முழுத் திருப்தியடைந்தவராகவே எழுதப்பட்டிருப்பார்.

இனி இம்மருந்துகளின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். புரை மூடிய வில்லையை ஊசியால் கண்ணினுள்ளே பின்தள்ளிவிடும் முறை சுசுருதர் காலந்தொட்டு இந்நாட்டில் வழங்கியது. 1798 முதல் 1832 வரை தஞ்சையில் ஆண்ட சரபோஜி மன்னர் தமது தன்வந்திரி மகாலில் கண் நோயாளருக்குச் சிகிச்சை செய்வித்து, அவர்தம் கண்களை வர்ணத்தில் எழுதிய படங்களோடு குறிப்புகளும் எழுதுவித்தார். அவ்வேடுகள் சரஸ்வதி மகால் நூல்நிலையத்தில் இருக்கின்றன. சென்னைக் கண் ஆஸ்பத்திரியோ 1819-ஆம் ஆண்டிலேயே தோன்றியது. ஆயினும் அந்நாட்களில் கண்ணை மரக்கச்செய்யும் மருந்து எதுவும் இல்லை. நோயாளியைப் பிறர் பற்றிக்கொள்ள, வைத்தியர் விரைந்து முடிப்பதே வழி. சரபோஜி காலஞ்சென்று பதினான்கு ஆண்டுகட்குப் பின்னரே, 1846-இல், பாஸ்டன் நகரில் ஈதர் கொண்டு உணர்வகற்றிச் சிகிச்சை செய்து காட்டினர். மறு வருஷம் குளோரோபாரம் வந்தது.

இவ்விரண்டும் மற்ற உறுப்புகளுக்கு வரப்பிரசாதமாயின. கண்ணுக்கோ அவ்வளவாக உதவவில்லை. காரணம் யாதெனின், மயக்கம் தெளிகையில் வாந்தியும் குமட்டலும் உண்டாம். தையலிடாத கண்ணின் வெட்டுவாய் அத்திமிறலில் விரிந்து, உள்ளிருப்பன வெளிப்பட்டுவிடும். ஆதலின் கண் வைத்தியர் பலர், மயக்குவதைவிட நோயாளி வலியைப் பொறுத்துக் கிடப்பதே மேலென்று கருதினர்.

இத்தடையை நீக்கியவர் வியன்னா நகரத்துக் கார்ல் கோலர் என்னும் இருபத்தாறு வயது வைத்தியர். கொக்கேயின் நாக்கில் பட்டால் நாக்கு மரத்துப்போகும் என்பதைப் பலரும் அறிந்திருந்தும், கண்ணில் விட்டுப் பார்க்க எவருக்கும் தோன்றவில்லை. கோலர் 1884-இல் தவளையின் கண்ணிலும் பிற பிராணிகளின் கண்ணிலும் இட்டுப் பார்த்துப் பின்பு தம் கண்ணிலேயே இட்டுக்கொண்டு, குண்டூசியின் தலையால் கருவிழியைத் தொட்டுப் பார்த்தார், உணர்ச்சி இல்லை. அவ்வாண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் ஹைடல்பர்க்கில் கூடிய கண் வைத்தியர் சபைக்குச் செல்லப் பிரயாணச் செலவுக்குப் பணமின்றி, பிரெட்டவர் என்னும் வேறொருவரைக்கொண்டு தம் கட்டுரையை வாசிப்பித்தார். உலகெங்கும் வைத்தியர் அம்முறையைக் கைக்கொள்ளுதற்குச் சில மாதங்களே வேண்டியிருந்தன. கொக்கேயின் கருவிழியைப் புண்படுத்தும் குற்றமும் விஷமாகும் குற்றமும் உடையது. ஆகவே 1905-இல் புரோகேயினும், 1943-இல் சுவீடன் தேசத்தில் லிடோகேயினும் கண்டறியப்பட்டு அதன் இடத்தைப் பெற்றன.

மருந்து இது, அதைச் செலுத்தும் வழிகள் பல. கோலர் கண்ட அதே 1884-இல் நியூயார்க்கு நகரத்து ஹெர்மன் நாப் என்பார் கண்ணுருண்டையின் பின்புறத்தே ஊசியால் மருந்தேற்றினார். இதனால் வலி நீங்குவதோடு விழியை அசைக்கும் தசைகளும் ஓய்ந்துவிடுகின்றன, பார்வையும் மங்குகின்றது. வைத்தியருக்கு இதனினும் உவப்பானது வேறில்லை, பொம்மையின் கண்போல் அசையாத கண்ணன்றோ! ஆனால் ஊசி கண்ணுருண்டையைத் துளைத்தல், பின்னே இரத்தம் கட்டுதல், அரிதாக மருந்து மூளையின் அடித்தண்டை எட்டி மூச்சை நிறுத்துதல் ஆகிய அபாயங்கள் உண்டு. தூரத்துப் பொருள் தெரியாதாருடைய கண் நீண்டிருப்பதால், துளைபடும் அபாயம் அவர்களுக்கே மிகுதி. இதுபற்றி, தசைக்கூம்பின் புறத்தே மருந்தேற்றும் முறை 1986-இல் வெளியிடப்பட்டது. பின்னர், கண்ணின் மேலுறையில் சிறு வாய் திறந்து மழுங்கிய குழாயால் மருந்து விடும் முறை பரவியது. ஊசியே இன்றிச் சொட்டு மருந்தால் மட்டும் புரை நீக்கும் வழக்கம் 1990-களில் மீண்டும் தலையெடுத்தது. கோலரிடமே திரும்பி வந்தவாறாயிற்று.

இங்கேதான் இருவர் திருப்தியும் பிரிகின்றன. சொட்டு மருந்தால் ஊசியின் அச்சம் இல்லை, சிகிச்சை முடிந்ததும் பார்வை உடனே தெரிகின்றது, நோயாளி மகிழ்கின்றார். ஆயினும் கண் அசையும், அழுத்தம் தெரியும், விளக்கொளி கூசும். செவி மந்தமானவரோ பயந்தவரோ ஆயின் வைத்தியர் படும்பாடு பெரிது. ஊசி முறையில் வைத்தியர் அமைதியாக வேலை செய்கின்றார். நோயாளிக்கு நினைவில் நிற்பது அந்த ஊசியே. மழுங்கிய குழாய் முறை சொட்டு மருந்தைக் காட்டிலும் வலியை நன்கு தணிப்பதாகப் பல ஆராய்ச்சிகளைத் தொகுத்து நோக்கினோர் கண்டனர். ஆனால் விழிவெண்மை வீங்குதலும் சிவத்தலும் அதில் மிகுதி. ஒரு முறையே யாவர்க்கும் பொருந்தும் என்பாரோடு நான் உடன்படேன்.

நம் நாட்டில் எண்ணிக்கையும் கருதற்பாலது. டாக்டர் கோ. வேங்கடசாமி 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் ஆஸ்பத்திரியில், ஒரு வைத்தியருக்கு இரு மேஜைகள்; ஒன்றில் சிகிச்சை நிகழும்போதே மற்றொன்றில் அடுத்த நோயாளி ஆயத்தமாயிருப்பார். ஏழை எளியோர் பல்லாயிரவர் பார்வை பெற்றது இத்தகைய ஒழுங்கினாலேயே. மரப்பு ஊசி முன்கூட்டியே பலித்திருந்தாலன்றி இவ்வோட்டம் நடவாது.

மேனாடுகளில் ஊசியோடு அச்சந்தணிக்கும் மருந்தும் கொடுப்பது பெருவழக்கு. அங்கும் ஒரு சிக்கல் உண்டு. அரைத்தூக்கத்திலிருப்பவர் திடுக்கிட்டு விழித்துத் தலையைத் தூக்கினால் ஆபத்து. மேலும் அம்மருந்துகளுட் சில நினைவையே அழிக்கவல்லன. மறந்துபோனவர் ‘திருப்தி’ என்று சொல்லும் சொல்லை எவ்வளவு நம்பலாம்? 1997-இல் அமெரிக்காவின் அயோவாவில் இதை அளப்பதற்குப் பதினொரு வாசகங்கள் கொண்ட தாள் ஒன்றை வகுத்தனர். வலி, குமட்டல், அரிப்பு, குளிர் இவற்றோடு, இதே மருந்தை மீண்டும் விரும்புவீரா என்பதும் அதில் உண்டு. நல்ல கருவிதான். ஆனால் நம்மூர்ப் பெரியவர்கள், கட்டவிழ்த்த மறுநாழிகையில், பார்வை தந்தோர் முன்னிலையில், அத்தாளுக்கு மெய்யுரைப்பார்களா? சிகிச்சையில் பங்குபெறாத ஒருவர், சில நாள் கழித்து, வீட்டில் வைத்துக் கேட்டால் பெறும் விடை வேறாயிருக்கும் என்பது என் கருத்து.

ஒளி தெரிந்ததென்று அம்மான் அஞ்சினாரே, அது நோயன்று. ஊசியிட்டாலும் பார்வை முற்றும் அவிவதில்லை; நிறங்களும் அசைவுகளும், சிலருக்கு வைத்தியருடைய விரல்களுங்கூடத் தெரிகின்றன எனச் சிங்கப்பூர் வைத்தியர் கேட்டறிந்து எழுதியுள்ளனர். முன்னரே சொல்லி வைத்தால் அச்சம் குறைகின்றது. சிகிச்சையின்போது ஒருவர் நோயாளியின் கையைப் பற்றிக்கொண்டிருந்தால் கலக்கம் தணிவதாகக் கொரியா தேசத்து ஆராய்ச்சி ஒன்று 2001-இல் வெளிவந்தது. இவற்றுக்கு விலையில்லை.

அம்மானுக்கு இடக்கண் எஞ்சியிருந்தது. இரண்டாம் கண்ணுக்கு வலி மிகுதியென்று நோயாளர் பலர் சொல்வதை நான் படித்திருந்தேன். முதல் முறையில் அச்சமே வலியை மறைத்துவிடுகின்றது என்பர் சிலர். ஆகவே புறப்படுமுன் அவரை அமரவைத்து, வெளிச்சம் அலைவது இயல்பென்றும், இருமல் வந்தால் தலையை அசைக்காமல் வாயால் சொன்னால் வைத்தியர் கருவியை எடுத்துவிட்டு இருமவிடுவாரென்றும், வலித்தால் வலிக்கிறதென்று சொல்லுதல் குறை கூறுவதாகாதென்றும் விளக்கினேன். அவர் எல்லாவற்றுக்கும் தலையசைத்தார்; எனக்கு நம்பிக்கை பிறக்கவில்லை.

சிகிச்சை முடிந்து வெளியே வந்தவரை, எப்படி இருந்தது என்று கேட்டேன்.

“கொஞ்சம் வலித்தது, மருமகனே. சொன்னேன். நிறுத்திவிட்டு இன்னும் கொஞ்சம் மருந்து விட்டார்கள்” என்றார்.