உங்க மோட்டார் ஏக்கருக்கு எத்தனை மணி நேரம் ஓடணும்?

விதைக்கிறதுக்கு முன்னாடியே போட வேண்டிய கணக்கு இது. நிலத்தை ஏக்கரில் சொல்கிறோம், வயலில் நிற்கும் தண்ணீரை அங்குலத்தில், மோட்டாரைக் குதிரைத்திறனில். மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டாது. அதிலும் குதிரைத்திறன் தண்ணி அளவைச் சொல்லவே சொல்லாது. நீர்மட்டம் இறங்க இறங்க அதே மோட்டார் குறைவாத்தான் தள்ளும்.

அளந்துதான் பார்க்கணும். திருநகர் பக்கம் எங்க போர்வெல்லில் 15 லிட்டர் வாளி 5 வினாடியில் நிறையுது. அதாவது வினாடிக்கு 3 லிட்டர். மணிக்கு 3,600 வினாடி. ஆக 10,800 லிட்டர்.

இனி நிலம். ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. 2 அங்குலத் தண்ணி நிக்கணும்னா முதலில் அங்குலத்தை அடியாக்குங்க: அடியில் ஆறில் ஒரு பங்கு. 43,560-ஐ 6-ஆல் வகுத்தா 7,260 கன அடி. கன அடிக்கு 28.3 லிட்டர்; பெருக்கினா சுமார் 2,05,000 லிட்டர். அதை 10,800-ஆல் வகுங்க: 19 மணி நேரம். வாய்க்கால் உறிஞ்சுறது தனி.

வைகை அணை செய்தியில் வர்ற 'வினாடிக்கு கன அடி'யும் இதே கணக்குதான். ஒரு கன அடி ஒரு மணி நேரம் பாய்ந்தா ஏக்கருக்கு ஏறத்தாழ ஒரு அங்குலம். நிலையூர் கண்மாய்ப் பாசனக்காரங்க மனசுல வெச்சுக்கலாம்.

மும்முனை மின்சாரம் நாளைக்கு 6 மணி நேரம்னு வெச்சுக்குவோம். மூணு ஏக்கரைச் சுத்தி வர பத்து நாள் ஆகும். அதுக்குள்ள நெல் வயல் வெடிச்சிடும். அதனால ஒரு ஏக்கர்ல மட்டும் நெல்லு. மீதி ரெண்டுல குதிரைவாலி போடுறேன்.