கலத்திற்கு இட்ட பொறி

திருமுல்லைவாயிலில் வாழும் எமக்குக் கடல் கண்ணுக்கு எட்டாதது. ஆயினும், எம்மூர்க்கு அணித்தாகிய அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிற் செய்யப்படும் பொருள்களுட் பல, சென்னை, எண்ணூர்த் துறைகளிற் கலமேறியே பிறநாடு செல்கின்றன. ஆதலின், கலங்களின் நலந்தீங்கு எம்மனோர்க்கும் உரியதே. அதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

காவிரிப்பூம்பட்டினத்துத் துறையிற் பண்டங்களுக்குச் சோழரது புலிப்பொறி இடப்பட்ட செய்தியைப் பட்டினப்பாலை கூறுகின்றது. அப்பொறி பண்டத்திற்கு இட்டது. பண்டத்தைச் சுமக்கும் கலத்திற்கும் தரங்கண்டு பொறியிடும் இக்கால முறை, 1760-ஆம் ஆண்டில் இலண்டனில், லாயிடு என்பார் பெயர்கொண்ட காப்பிக்கடையிற் கூடிய வணிகரிடையே தோன்றியது. காப்பீடு செய்வோர், தாம் பொறுப்பேற்கும் கலம் உறுதியுடையதோ என அறிய விழைந்தனர். ஆகலின், கலத்தின் உடலை ஆங்கில உயிரெழுத்து ஐந்தினால் தரம் பிரித்துப் பதிவேட்டில் எழுதினர். உடலுக்கு உயிரெழுத்தை அடையாளமாக வைத்தமை தமிழ் மாணாக்கராகிய எமக்கு வியப்பும் உவப்பும் தருவதாம்.

பின்னர், அளவிறந்த பாரமேற்றிக் கலங்கள் மூழ்குதலைக் கண்டு வருந்திய சாமுவேல் பிளிம்சால் என்னும் பாராளுமன்ற உறுப்பினர் அயராது முயன்றார். அதன் பயனாக, கலத்தின் புறத்தே பாரக்கோடு இடவேண்டும் என 1876-இற் சட்டம் பிறந்தது. ஆயின், கோட்டை எவ்விடத்து இடுவது என்பதை அச்சட்டம் கலமுடையார்க்கே விட்டுவிட்டது! 1890-ஆம் ஆண்டுச் சட்டமே இடத்தையும் வரையறுத்தது. அளவு குறியாத விதி, விதியன்று என்பது இதனாற் பெறப்படும்.

இக்காலத்துத் தரங்காண் சங்கங்கள், கலத்தின் வரைபடம், எஃகு, பற்றவைப்பு, இயந்திரம் ஆகியவற்றைக் கட்டும்பொழுதே ஆய்கின்றன. பின்னர் ஆண்டுதோறும் ஆய்ந்து, ஐந்தாண்டுக்கொருமுறை முற்றாய்வும் செய்கின்றன. நம் நாட்டில் இப்பணிக்கென இந்தியக் கப்பற் பதிவகம் 1975-இல் நிறுவப்பெற்றது.

இனி, தூய்மையை நோக்குவாம். 2017 ஜனவரி 28-ஆம் நாள் விடியற்காலையில், எண்ணூர்க் காமராசர் துறைமுகத்தருகே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்னும் இருகலங்கள் மோதின. கசிந்த எண்ணெய் கரையெங்கும் படிந்தது. மீனவரும் தொண்டரும் மாணவரும் அதனை வாளிகளால் வாரினர். மோதுதலைத் தரச்சான்று தடுக்காது. அது மாலுமிகளின் விழிப்பைப் பொறுத்தது. மோதியபின் எண்ணெய் கடலிற் கலக்குமோ என்பதோ கலத்தின் கட்டமைப்பையும் பொறுத்தது. இதனாலன்றோ, எண்ணெய்க் கலங்களுக்கு இரட்டை உடல் வேண்டும் என 1992-இற் பன்னாட்டு விதி எழுந்தது! 2010 ஆகஸ்டு முதல் உரிமையாளரிடம் சேரும் பெருங்கலங்களின் எரியெண்ணெய்த் தொட்டிகளுக்கும் காப்பு விதிக்கப்பட்டது. பழங்கலங்களை இவ்விதி பற்றாமை ஒரு குறையே.

பிறிதோர் ஐயமும் உண்டு. தரங்காண் சங்கத்திற்குக் கட்டணம் தருபவர் கலமுடையாரே. தேர்வெழுதுவோரே தேர்வாளர்க்குக் கூலி கொடுப்பின், நடுநிலை பிறழாதோ? ஆகலின், சங்கத்தின் சான்றொன்றே அமையாது. துறைமுக அரசினரும் அயல்நாட்டுக் கலங்களில் ஏறி ஆய்ந்து, குறையுடையவற்றைத் தடுத்து நிறுத்துகின்றனர். இவ்விரு கண்களும் விழித்திருத்தல் வேண்டும்.

பொறி இடுவது எளிது. அப்பொறி மெய்யாதலே அரிது. அது பொய்ப்பின், இழப்பு காப்பீட்டாரோடு நில்லாது. கட்டணம் கொடாதவரும் கையெழுத்து இடாதவருமாகிய எண்ணூர் மீனவரின் வலைவரை அது செல்லும் என்பதை நாம் மறவாதிருப்போமாக.