சுகாதாரப் பாடம்: வீட்டுக் காற்றும் குரல் நலமும்

கிராமவாசி ஒருவருடைய ஆஸ்தியைக் கணக்கிடுங்கால் நிலம், கால்நடை, வீடு, ஏர்க்கருவி ஆகியவை எழுதப்படுகின்றன. குரல் அக்கணக்கில் ஏறுவதில்லை. எனினும் பள்ளி உபாத்தியாயர், கோயில் ஓதுவார், கூத்து நடிகர், சந்தையில் கூவி விற்போர், ஏலம் கூறுவோர் ஆகிய யாவர்க்கும் குரலே முதல். அம்முதல் குறையின் வருவாயும் குறையும்.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பலருக்குத் தொண்டை கம்மிவிடுகின்றது. மழைச் சளி என்று எண்ணிக் கஷாயம் அருந்துவர். சில நாட்களில் தீருமாயின் அது சளியே ஆகலாம். ஆனால் கம்மல் அடிக்கடி திரும்பி வந்து, வீட்டிலிருக்கும்போது மிகுந்தும், வெளியூர் சென்று தங்கினால் குறைந்தும் காணப்படுமாயின், அதன் காரணத்தை வீட்டுச் சுவரிலும் அடுப்பங்கரையிலும் தேடுதல் வேண்டும்.

1. குரல் உண்டாகும் விதம்

கழுத்தின் முன்புறத்தில் கைவைத்துப் பேசினால் அதிர்வு தோன்றும் இடமே குரல்வளை. அதனுள் குரல் நாண்கள் எனப்படும் இரு மெல்லிய மடிப்புகள் உள்ளன. நுரையீரலிலிருந்து வரும் காற்று இவற்றினிடையே பாயும்போது இவை ஒன்றோடொன்று தட்டி அதிர்கின்றன. சாதாரணப் பேச்சில் ஆடவர்க்கு வினாடிக்கு ஏறக்குறைய 100 முதல் 125 முறையும், பெண்டிர்க்கு ஏறக்குறைய 200 முறையும் அதிர்வதுண்டு. 1854-ஆம் வருஷத்தில் மானுவேல் கார்ஸியா என்னும் ஸ்பானியச் சங்கீத ஆசிரியர் சிறு கண்ணாடிகளின் உதவியால் தம் குரல்வளையைத் தாமே கண்டார். பின்னர் அம்முறை வைத்தியர்களுக்கும் பயன்படலாயிற்று.

வண்டி அச்சுக்கு மசகு எவ்வாறோ, அவ்வாறே இம்மடிப்புகளுக்கு அவற்றின்மேல் படிந்துள்ள ஈரப்பசை. அது வற்றினாலும், மடிப்புகள் வீங்கினாலும் குரல் கரகரத்துத் தாழ்ந்துவிடும். வீக்கத்தோடு உரக்கப் பேசிவரின், மண்வெட்டி பிடித்த கையில் காய்ப்பு விழுவதுபோல், குரல் நாண்களிலும் காய்ப்பு விழக்கூடும்.

2. புகை செய்யும் தீங்கு

மூக்கு காற்றை வடிகட்டி, வெதுவெதுப்பும் ஈரமும் ஊட்டி உள்ளே அனுப்புகின்றது. விறகு, வரட்டி, சுள்ளி ஆகியவற்றின் புகையிலுள்ள மிக நுண்ணிய துகள்கள் இவ்வடிகட்டியையும் கடந்து சென்று, தொண்டையையும் மூச்சுக் குழலையும் எரிச்சலுறச் செய்கின்றன. இருமல் எழும்போதெல்லாம் குரல் நாண்கள் வன்மையாக மோதிக்கொள்கின்றன.

2016-ஆம் வருஷத்தில் தொடங்கிய உஜ்வலா திட்டத்தின் மூலம் ஏழைக் குடும்பங்கள் பலவற்றிற்கு எரிவாயு இணைப்பு கிடைத்துள்ளது. ஆயினும் வெந்நீர் போடுவதற்கும் நெல் அவிப்பதற்கும் வீட்டினுள் விறகடுப்பு எரியும் இல்லங்கள் உள்ளன. கொசுவர்த்திச் சுருளும் இவ்வகையைச் சேர்ந்ததே. ஒரு சுருள் முழுதும் எரியும்போது வெளிப்படும் நுண்துகளின் எடை, 75 முதல் 137 சிகரெட்டுகள் எரிவதால் வெளிப்படுவதற்கு ஒப்பாகும் என 2003-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி கூறுகின்றது. கதவடைத்த அறையில் அதை ஏற்றுவதினும் கொசுவலை கட்டுவதே நன்று.

3. ஓதமும் பூஞ்சணமும்

சுவரில் ஓதம் ஏறிய இடத்தில் கருமையாகவோ பசுமையாகவோ படர்வது பூஞ்சணம். அது கண்ணுக்குப் புலப்படாத வித்துக்களைக் காற்றில் விடுகின்றது. ஒவ்வாமை உடையோர்க்கு அவற்றால் மூக்கடைப்பும் தும்மலும் உண்டாகும். மூக்கடைத்தோர் வாயால் மூச்சுவிடுவதால் தொண்டை வறளும். மூக்கிலிருந்து சளி பின்புறமாகத் தொண்டையில் இறங்குவதால் அடிக்கடி செருமுவர். வறட்சியும் செருமலும் சேர்ந்து குரலைக் கெடுக்கின்றன. ஓதமும் பூஞ்சணமும் உள்ள வீடுகளில் வசிப்போரிடம் இருமல், இரைப்பு முதலிய சுவாசத் தொல்லைகள் மிகுந்து காணப்படுவதாக உலக சுகாதார ஸ்தாபனம் 2009-இல் அறிவித்தது.

தானியமும் கவனத்திற்குரியது. நூற்றுக்கு 14 பங்குக்கு மேல் ஈரமுள்ள நெல்லைக் குதிரிலோ பத்தாயத்திலோ கொட்டினால் பூஞ்சணம் பிடிக்கும். முடை நாற்றமுள்ள தானியத்தையும் வைக்கோலையும் வீட்டினுள் உதறுதல் கூடாது. பூஞ்சணம் பிடித்த உலர்புல்லைக் கையாண்ட உழவர்க்கு நேர்ந்த மூச்சுத்திணறலை இங்கிலாந்தில் காம்பெல் என்னும் வைத்தியர் 1932-இலேயே விவரித்து எழுதினார்.

4. செய்யத்தக்கவை

முதலாவது, நீர் வரும் வழியை அடைத்தல். உடைந்த ஓட்டை மாற்றுக. கூரை நீர் சுவரடியில் தேங்காதவாறு வாய்க்கால் வெட்டுக. சுவரை ஒட்டிக் குவித்த மண்ணை அகற்றுக. இது செய்யாமல் சுவரைத் துடைப்பது, ஓட்டைக் குடத்தில் நீர் இறைப்பதை ஒக்கும்.

இரண்டாவது, மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொண்டு, பூஞ்சணத்தைச் சோப்பு நீரில் நனைத்த துணியால் துடைத்தெடுத்தல். உலர்ந்த துடைப்பத்தால் தேய்த்தால் வித்துக்கள் அறையெங்கும் பரவும். இரைப்பு நோயுள்ளோர் இவ்வேலையில் இறங்கலாகாது.

மூன்றாவது, சுவர் நன்கு உலர்ந்தபின் சுண்ணாம்பு அடித்தல். ஈரச் சுவரின்மேல் எண்ணெய் வர்ணம் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும்.

நான்காவது, காற்றோட்டம். எதிரெதிராக இரு ஜன்னல்களைத் திறப்பின் புகையும் நீராவியும் வெளியேறும். ஈரத்துணியை உறங்கும் அறையில் உலர்த்தலாகாது. நனைந்த பாயையும் படுக்கையையும் இரண்டு நாட்களுக்குள் உலர்த்திவிடுதல் வேண்டும்.

ஐந்தாவது, குரலுக்கு ஓய்வு. கம்மல் உள்ளபோது உரக்கப் பேசாமலும் செருமாமலும் இருந்து, தண்ணீர் அருந்துதல் நலம். கிசுகிசுப்பாகப் பேசுவது ஓய்வு ஆகாது. அதுவும் குரல்வளையை வருத்தக்கூடும்.

சங்கங்கள் ஓட்டையும் சுண்ணாம்பையும் அங்கத்தினர்க்காக ஒருங்கே வாங்கின் செலவு குறையும். சங்கக் கிடங்கில் மூட்டைகளைத் தரையிலும் சுவரிலும் படாதவாறு மரச்சட்டங்களின்மேல் அடுக்குதல் வேண்டும். கணக்கர் அமரும் இடம் கிடங்கிற்கு வெளியே இருத்தல் நன்று.

5. எச்சரிக்கை

குரல் கம்மல் யாவும் வீட்டுக் காற்றினால் வருவன அல்ல. மூன்று வாரங்களுக்கு மேல் கம்மல் நீடிப்பினும், விழுங்குதற்கு வருத்தமோ, சளியில் இரத்தமோ, கழுத்தில் கட்டியோ, மூச்சுத்திணறலோ காணப்படினும் தாமதியாமல் வைத்தியசாலைக்குச் சென்று குரல்வளையைச் சோதிப்பித்தல் அவசியம். க்ஷயரோகமும் புற்றுநோயும் இவ்வாறு தொடங்குதல் உண்டு. பீடி, சுருட்டுப் பிடிப்போர் இதில் சிறிதும் அசட்டையாக இருத்தல் ஆகாது.

சங்கக் கூட்டத்தில் ஆராய்வதற்குரிய வினாக்கள்

1. சுண்ணாம்பு அடிப்பதற்கு முன் நீர்க்கசிவை நிறுத்துவது ஏன்?
2. மூக்கடைப்பு குரலைக் கெடுப்பது எவ்வாறு?
3. இவ்வூரில் மழைக்காலத்தில் ஓதம் ஏறும் வீடுகள் எத்தனை? அவற்றுள் சங்கத்தின் உதவி முதலில் யாருக்குச் சேரவேண்டும்?