எண்ணமும் எழுத்தும்

நினைவாலேயே பொறியை இயக்கலாம் என்னும் தலைப்பட்டைகள் இன்று ஒரு கைபேசியின் விலைக்கே கிடைக்கின்றன. இஃது உண்மையா, வெறும் விளம்பர ஆரவாரமா? சற்றே ஆராய்வோம்.

மனித மூளையின் மின்னலைகளை முதன்முதல் பதிவு செய்தவர் ஜெர்மானிய மருத்துவர் ஹான்ஸ் பெர்கர், ஆண்டு 1924. கண்மூடி அமைதியாய் இருப்போருக்குப் பின்மண்டையில் நொடிக்கு 8 முதல் 13 முறை துடிக்கும் அலை ஓங்கும். கண் திறந்தால் அடங்கும். திருப்பதியில் என் விடுதி அறையிலேயே இதனைக் கண்டேன். ஆனால், ஒரு வோல்ட்டைப் பத்து இலட்சம் கூறாக்கினால் அவற்றுள் சில பத்துக் கூறுகளே அதன் அளவு. பல்லைக் கடித்தாலும் அது மறைந்துவிடும். நெற்றியில் அணியும் மலிவான பட்டைகள் மூளையலையினும் கண்ணிமைப்பையே தெளிவாய்ப் பிடிக்கின்றன. மனத்தைப் படிக்கும் என்பது மிகை.

பின் பயன் யாது? சித்தூரில் என் மாமாவின் நாவைப் பக்கவாதம் கட்டிவிட்டது, அறிவு கெடவில்லை. பிழைக்க வந்த ஊரில் கடையில் தெலுங்கு பேசியவர்தாம். ஆயினும் வலியைச் சொல்வது தமிழில்தான். அத்தை அட்டையில் எழுத்துகளைத் தொட்டுக் காட்டுவார். வேண்டிய எழுத்து வந்ததும் மாமா இமைப்பார். 247 எழுத்தையும் தொடுவதற்குள் இருவரும் களைத்துப்போவர்.

1988-இல் அமெரிக்காவில் பார்வெல், டான்ச்சின் என்னும் இருவர் ஆறு வரிசையும் ஆறு நிரலும் கொண்ட எழுத்துக் கட்டம் ஒன்றை வெளியிட்டனர். வரிசைகளும் நிரல்களும் மாறிமாறி ஒளிரும். விரும்பிய எழுத்து ஒளிர்ந்ததும், ஏறத்தாழ 300 மில்லிநொடியில் மூளையில் ஓர் அலை எழும். பலமுறை பார்த்துக் கணிப்பொறி அவ்வெழுத்தை அறியும்.

அக்கட்டத்தில் அறைகள் 36. நம் உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1; ஆக 31. மெய்யோடு உயிரைச் சேர்த்தால் உயிர்மெய் 216-உம் பிறந்துவிடும். மிஞ்சும் ஐந்து அறைகளில் இடைவெளி, அழித்தல், ஆம், இல்லை, வலி ஆகியவற்றை வைக்கலாம்!

இதைச் சொன்னதும் அத்தை அன்றே புதிய அட்டை எழுதினார். ம், ஓ, ர் என்று மூன்றே இமைப்பில் மாமா மோர் கேட்டார். பொறி வருமுன்னே அதன் முறை பயன் தந்துவிட்டது. இனி, மும்முறை விரைந்து இமைத்தால் மணி ஒலிக்குமாறு நெற்றிப்பட்டை ஒன்றை அமைக்க முயல்கிறேன்; அத்தை அடுக்களையில் இருந்தாலும் கேட்கும்.

கருவியை எந்நாட்டாரும் செய்யலாம். அதன் திரையில் தமிழை ஏற்றுவது நம் கடன். தெலுங்குத் தோழர்களும் தம் எழுத்துக்கு இதனைச் செய்யலாம். அறிவியல் பயில்வோரும் தமிழ் பயில்வோரும் ஒரு மாலை கூடுவோமா?