வண்டிப் பாதையும் வாசல் நீரும்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., வேதியியல்

முன்னுரை

கீழ்வேளூர் வட்டம் காவிரிப் பாசனத்தின் கடைமடைப் பகுதியாகும். மேட்டூரில் திறக்கப்படும் நீர் எங்களுக்குக் கடைசியாக வந்து சேரும். வடகிழக்குப் பருவத்திலோ மேற்கே பெய்த மழைநீரும் எங்களைக் கடந்துதான் கடலுக்குச் செல்ல வேண்டும். நீர் குறைந்தாலும் துன்பம், மிகுந்தாலும் துன்பம். இத்தகைய ஊரில் வீட்டு வாசலுக்குத் தளம் போடுவது கொத்தனாரிடம் விட்டுவிடக்கூடிய சிறு செய்தியன்று என்பதை எங்கள் வீட்டு அனுபவத்தால் அறிந்தேன்.

என் அப்பா விவசாயக் கூலி. அண்ணன் கடன் பெற்று, மக்கள் 'குட்டியானை' என்று அழைக்கும் நான்கு சக்கரச் சரக்கு வண்டி ஒன்றை வாங்கினார். ஐப்பசி பிறந்ததும் அது வாசல் களியில் புதைந்தது. அடுத்த ஆண்டு தெருவிலிருந்து வீடு வரை 30 அடி நீளம், 10 அடி அகலத்துக்குச் சிமெண்டுத் தளம் போட்டோம். வண்டி புதையவில்லை. ஆனால் கார்த்திகையில் ஒரு நள்ளிரவு, அத்தளத்தில் விழுந்த மழையெல்லாம் வழிந்து, தாழ்வில் இருந்த பக்கத்துச் சின்னம்மா வீட்டுக்குள் புகுந்தது. நெல் மூட்டைகள் நனைந்தன. மண்சுவரின் ஒரு பக்கம் ஊறிச் சரிந்தது. அன்று முதல் சின்னம்மா எங்கள் படியேறவில்லை.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். "படிக்கிற பிள்ளை நீதான் இதுக்கு ஒரு வழி சொல்லணும்" என்றார் அப்பா. அந்த வழியைத் தேடியதன் பயனே இக்கட்டுரை.

எவ்வளவு நீர்?

முதலில் கணக்குப் பார்த்தேன். 300 சதுர அடி என்பது ஏறத்தாழ 28 சதுர மீட்டர். ஒரு நாளில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் அத்தளத்தில் விழும் நீர் 2,800 லிட்டர். 15 லிட்டர் குடத்தால் அளந்தால் சுமார் 187 குடம். வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு நிலை தோன்றும் நாள்களில் இத்தகைய மழை எங்கள் பகுதிக்குப் புதிதன்று. அவ்வளவு குடங்களையும் ஒரே இரவில் சின்னம்மா வாசலில் கவிழ்த்திருக்கிறோம் என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

மண் குடிக்குமா?

நீர் ஊடுருவும் தளம் என்று ஒன்று உண்டு. அதன் மேற்பரப்பில் விழும் மழை வழிந்தோடாமல் இடைவெளிகளின் வழியே கீழே இறங்கும். ஜெர்மனியின் பல நகரங்களில், நீர் புகாத தளத்தின் பரப்புக்கு ஏற்ப மழைநீர்க் கட்டணம் பெறப்படுகிறது. ஊடுருவும் தளம் போட்டவர்களுக்கு அது குறைகிறது. சீனாவில் 2015-இல் 16 நகரங்களைத் தேர்ந்து 'பஞ்சு நகரம்' என்னும் திட்டத்தைத் தொடங்கினர். ஆனால் அங்கே சொன்னதை அப்படியே இங்கே செய்யலாமா? அதற்கு விடை கூற வேண்டியது நம் மண்.

சித்திரையில் வாசலருகே ஓரடி நீளம், ஓரடி அகலம், ஓரடி ஆழத்தில் குழி வெட்டி நீர் ஊற்றினேன். சில நிமிடங்களில் வற்றிவிட்டது. நான் மகிழ்ந்தேன். மறுபடி ஊற்றினேன், மெல்ல இறங்கியது. மூன்றாம் முறை ஊற்றிய நீர் மறுநாள் காலையிலும் பெரும்பகுதி அப்படியே நின்றது.

இதன் காரணம் வேதியியலில் உள்ளது. டெல்டாவின் கருங்களி மண்ணில் மாண்ட்மோரிலோனைட் வகைக் களிமம் மிகுதி. அதன் அணு அடுக்குகளுக்கு இடையே நீர் புகுந்தால் மண் உப்பும்; நீர் நீங்கினால் சுருங்கி வெடிக்கும். முதலில் ஊற்றிய நீரைக் குடித்தது மண்ணன்று, கோடை வெடிப்புகள். வெடிப்பு மூடியபின் களிமண் நீரை மிக மெதுவாகவே விடும். கோடையில் ஒருமுறை நீர் ஊற்றிப் பார்த்து முடிவு செய்பவர் ஏமாறுவார். மேலும் ஐப்பசி, கார்த்திகையில் நிலத்தடி நீரே மேலேறி நிற்கும். ஆகவே நம் பகுதியில் ஊடுருவும் தளத்தின் அடியில் நீர் தங்க இடமும், தங்கிய நீர் வெளியேற வழியும் அமைக்க வேண்டும்.

நான்கு வகைத் தளங்கள்

1. மணலில்லாக் கான்கிரீட்: ஜல்லியும் சிமெண்டும் மட்டும் சேர்ந்தது. நீரை நன்றாக விடும். ஆனால் வயற்சேறு ஒட்டிய சக்கரங்கள் ஏறினால் துளைகள் அடைபடும். அழுத்த நீரால் கழுவ இயந்திரம் வேண்டும். எங்களுக்குப் பொருந்தாது.

2. புல் வளரும் துளைக் கற்கள்: பார்வைக்கு அழகு. கோடையில் நீர் ஊற்ற வேண்டும். மழையில் புல் வெட்ட வேண்டும். பாம்பு படுத்தால் தெரியாது என்று அம்மா மறுத்துவிட்டார்.

3. வெறும் ஜல்லி: செலவு குறைவு, நீர் தடையின்றி இறங்கும். ஆயினும் ஓரக்கல் இல்லாவிடில் சிதறும். சக்கரத் தடம் பள்ளமாகும். வெறுங்காலுடன் நடக்கும் அப்பாயிக்கு முள்ளின்மேல் நடப்பது போலிருக்கும். நம் ஊரில் 'கிராவல்' என்று விற்பது இதுவன்று. அது செம்மண் கலந்தது, இறுகினால் நீரை விடாது.

4. இடைவெளிவிட்ட பேவர் கற்கள்: இலகு வண்டிகளுக்கு 60 மில்லிமீட்டர் கனம் போதும். கற்களின் இடுக்கில் மணலோ சிமெண்டோ இடாமல், தூள் நீக்கிய 6 மில்லிமீட்டர் சிப்ஸ் இட வேண்டும். வழக்கம்போல் கிரஷர் தூள்மேல் நெருக்கிப் பதித்தால் இதுவும் சிமெண்டுத் தளம் போலவே நீரை வழியவிடும்.

நாங்கள் தேர்ந்தது

மூன்றாவதையும் நான்காவதையும் இணைத்தோம். வண்டியின் சக்கர இடைவெளியை அளந்து, சக்கரம் படும் இரு தடங்களில் மட்டும் தலைக்கு இரண்டடி அகலத்தில் பேவர் கற்கள் பதித்தோம். அப்பாயி நடக்கவும் அத்தடங்களே பயன்படுகின்றன. மற்ற இடமெல்லாம் ஜல்லி.

பழைய தளத்தை உடைத்து நிலத்தைத் தோண்டினோம். களிமண் மேலேறி ஜல்லியில் கலக்காதிருக்க, ஜியோடெக்ஸ்டைல் என்னும் நீர்விடும் துணியை விரித்தோம். அதன்மேல் 25 சென்டிமீட்டர் உயரத்துக்கு 20 முதல் 40 மில்லிமீட்டர் ஜல்லி. டெல்டாவில் பாறை கிடையாது. ஜல்லி லாரியில் வெளியூரிலிருந்து வர வேண்டும். ஆதலால் உடைத்த சிமெண்டுத் துண்டுகளையும் தூள் சலித்து அடியில் சேர்த்தோம். செங்கல் ஜல்லி மலிவுதான். ஆனால் பாரத்தில் நொறுங்கித் தூளாகி இடைவெளியை அடைக்கும்.

ஜல்லி அடுக்கில் ஏறத்தாழ 40 விழுக்காடு வெற்றிடம். 25 சென்டிமீட்டரில் 40 விழுக்காடு என்றால் 10 சென்டிமீட்டர் மழைக்கு இடம். கூரை நீரை இதில் விடலாகாது. விட்டால் கணக்குத் தவறும். அடுக்கின் தாழ்ந்த முனையிலிருந்து ஒரு சிறு குழாயைத் தெருக்குளத்துக்குக் கொண்டு சென்றோம். குளம் நிறையும் மட்டத்துக்கு மேலே குழாய் வாய் இருக்க வேண்டும். இல்லாவிடில் குளத்து நீர் திரும்பி வரும். சின்னம்மா வீட்டுச் சுவர் ஊறாதபடி அப்பக்கம் மூன்றடி மண்ணை வெட்டாமல் விட்டோம்.

பராமரிப்பு யாருடையது?

'பராமரிப்புக் குறைவு' என்று விற்பவர் சொல்வார். வாசலைப் பெருக்குவது அம்மா. ஆகவே அவரிடம் கேட்டேன். "கோலம் எங்க போடுறது?" என்றார். எந்தக் கணக்கிலும் அது எனக்குத் தோன்றவில்லை. படியடியில் ஆறடி நீளம் மட்டும் சிமெண்டுத் தளமாக விட்டு, அதன் சரிவை ஜல்லிப் பக்கம் திருப்பினோம்.

மற்ற வேலைகள் சில: வேப்பஞ்சருகை அவ்வப்போது வாரிவிடுவது, தளத்தின்மேல் மண்ணோ மணலோ குவிக்காதிருப்பது, புரட்டாசியில் இடுக்குகளில் சிப்ஸ் நிரப்பிக் குழாய் வாயைத் துப்புரவு செய்வது, முளைத்த களையைப் பிடுங்குவது. புரட்டாசி வேலையை அண்ணனும் நானும் ஏற்றுக்கொண்டோம்.

முடிவுரை

சென்ற கார்த்திகை மழையில் இரவெல்லாம் விளக்கோடு வாசலில் நின்றேன். விடியும்போது குழாய் வழியே நீர் சிறுகக் குளத்தில் விழுந்துகொண்டிருந்தது. சின்னம்மா வீட்டுப் பக்கம் ஒரு சொட்டும் போகவில்லை. சரிந்த சுவரை அண்ணன் முன்பே எடுத்துக் கட்டித் தந்திருந்தார். சின்னம்மா இன்னும் முன்போல் பேசுவதில்லை. ஆனால் பொங்கலன்று எங்கள் வாசல் கோலத்தருகே நின்று, "இந்தக் கல்லு எங்க வாங்கினீங்க?" என்று அம்மாவிடம் கேட்டார்.

மாணவ நண்பர்களே! உங்கள் வீட்டிலும் தளம் போடும் பேச்சு வரும். கல்லின் நிறத்தைப் பார்க்கும் முன் ஒரு குழி வெட்டி மும்முறை நீர் ஊற்றிப் பாருங்கள். நம் வாசலில் விழும் நீர் யார் வாசலுக்குப் போகும் என்று கேளுங்கள். அதன்பின் கொத்தனாரை அழையுங்கள்.