வெந்தயமும் மாத்திரையும்



காலில் ஆறாத புண்ணோடு நமது அறக்கட்டளைக்கு மருத்துவ உதவி கேட்டு வருகிறவர்களிடம், “சர்க்கரை மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டீர்களா?” என்று கேட்போம். “அதை நிறுத்தி நாளாச்சு பாய். மாத்திரை ரசாயனமாச்சே! பாகற்காய்ச் சாறுதான் குடிக்கிறேன்” என்கிறார்கள் சிலர். அதனால்தான் இதை எழுதுகிறோம்.

செடிகொடிகளில் சர்க்கரையைக் குறைக்கும் பொருள்கள் இருப்பது உண்மையே. நோன்புக் கஞ்சியில் போடும் வெந்தயத்தை ஊறவைத்தால் வழுவழுப்பு வருகிறதல்லவா? அது காலக்டோமன்னான் என்னும் நார்ச்சத்து. குடலில் கூழ்போல நின்று, உணவிலுள்ள சர்க்கரை இரத்தத்தில் கலப்பதைத் தாமதப்படுத்துகிறது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் 1990இல் வெளியிட்ட ஆய்வில், வெந்தயப் பொடி உண்டவர்களுக்குச் சர்க்கரை குறைந்தது. ஆனால் அளவைப் பாருங்கள்: கொழுப்பு நீக்கிய பொடி, நாளொன்றுக்கு 100 கிராம்! நாம் ஒரு சட்டிக் கஞ்சிக்கே ஒரு கைப்பிடிதான் போடுகிறோம். அந்த ஆய்வில் இருந்தவர்களோ இன்சுலின் போட்டுக்கொள்ளும் நோயாளிகள்.

சிறுகுறிஞ்சான் இலையை மென்றபின் சீனியை வாயில் போட்டால் மணல்போல இருக்கும். அதிலுள்ள ஜிம்னெமிக் அமிலங்கள் நாக்கின் இனிப்புச் சுவையை அடைத்துவிடுகின்றன. இதைக் கண்டு, உடம்பிலுள்ள சர்க்கரையும் அப்படியே செத்துவிடும் என்று நினைத்துக்கொள்கிறோம். நாக்கு வேறு, இரத்தம் வேறு.

ரசாயனம் என்று ஒதுக்கும் மெட்ஃபார்மினின் வரலாறும் ஒரு செடியில்தான் தொடங்குகிறது. ஐரோப்பாவில் வளரும் கலேகா என்ற செடியில் கலேஜின் என்ற பொருள் உண்டு. சர்க்கரையைக் குறைத்தாலும் அதில் நச்சுத்தன்மை இருந்தது. அதே இனத்தைச் சேர்ந்த, தீங்கு குறைந்த மெட்ஃபார்மினை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து 1957இல் வெளியிட்டவர் பிரெஞ்சு மருத்துவர் ஜான் ஸ்டெர்ன். ஒரு மாத்திரையில் 500 மில்லிகிராம் என்றால் 500தான். இலையில் எவ்வளவு இருக்கிறது என்பது மண்ணுக்கு மண், பருவத்துக்குப் பருவம் மாறும்.

மாத்திரையோடு சாறும் பொடியும் சேர்ப்பவர்களுக்கு வேறோர் ஆபத்து. சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கி, வியர்த்து, கை நடுங்கி, மயக்கம் வரலாம். நோன்பு நாட்களில் இது இன்னும் எளிதில் நேரும். என்ன குடிக்கிறீர்கள் என்பதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். பொட்டலத்தையே கையில் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

அடுத்த மாதம் முதல் நமது உதவி மனுவிலும் இதற்கு ஓர் இடம் விட்டிருக்கிறோம். மாத்திரையை நிறுத்தியது பணமில்லாமல்தான் என்றால், கூச்சப்படாமல் அதையும் அங்கேயே எழுதுங்கள்.